மெஷின் வைக்காத சந்து

— இல்லைன்னா இல்லைதான் பெய்ஷான். மாசம் முடியட்டும், ஃபோனைக் கழுத்துல மாலையாவே மாட்டிக்கோ. இப்போ சூப்பைக் குடி.

— அத்தை, ஒரே ஒரு தடவை. மேப்பு ஓடுதா, நின்னுடுச்சான்னு மட்டும். ஃபோனை நீங்களே பிடிச்சுக்கோங்க, நான் கட்டில்லேர்ந்து எட்டிப் பாக்கறேன்.

— எட்டியும் பாக்க வேண்டாம், கிட்டவும் பாக்க வேண்டாம். பிள்ளை பெத்த மாசத்துல திரையைப் பாத்தா கண்ணு மங்கிடும். என் அக்கா இப்படித்தான், மாசம் கழியறதுக்குள்ள உக்காந்து துணி தைச்சா. இப்போ ஊசில நூல் கோக்க என்னைக் கூப்பிடறா.

— பெரியம்மாவுக்கு எண்பது வயசு அத்தை!

— எனக்கு மட்டும் இருபதா? நான் கோக்கறேனா இல்லையா? குடிடி கண்ணு. எள்ளெண்ணெய்க் கோழி ஆறினா தொண்டையில இறங்காது.

— நேத்தும் கோழி, முந்தாநாளும் கோழி. இப்படியே போனா நானே கொக்கரிக்க ஆரம்பிச்சுடுவேன்.

— கொக்கரி. பால் ஊறினா சரி.

— ஐயோ, மத்தளம்! அத்தை, கேட்டீங்களா? பட்டாசு வேற வெடிக்குது. எந்தத் தெருவுல வருது? மீன் சந்தைப் பக்கமா, பள்ளிக்கூடத்துப் பக்கமா?

— எந்தத் தெருவா இருந்தா உனக்கென்ன? படு. ஜன்னல் போர்வையில கை வைக்காதே! காத்து உள்ள வந்தா தலைவலி ஆயுசுக்கும் போகாது.

— மூச்சாவது விடலாமா?

— மெதுவா விடு.

— உங்களுக்குப் புரியலை அத்தை. இன்னைக்கு ஊர்வலத்தோட கடைசி நாள். மதியத்துக்குள்ள மாசூ ஆத்தா கோயிலுக்குத் திரும்பிடுவா. அதுவரைக்கும் ஆத்தா பல்லக்கு எங்கே போகுதுன்னு காட்டற மேப்பு நிக்காம ஓடிட்டா நாங்க பிழைச்சோம். நடுவுல நின்னுதோ, நானும் உங்க பிள்ளையும் கம்பெனியை மூடிட்டு முட்டை ரொட்டி விக்கப் போக வேண்டியதுதான்.

— முட்டை ரொட்டி நல்ல வியாபாரம்டி.

— அத்தை!

— கத்தாதே, குழந்தை தூங்குது. கண்ணு மட்டுமா காரணம்? கோயில் கமிட்டில லாய் ஐயா என்ன சொன்னாரு? உன் வாயாலயே சொல்லு பாப்போம்.

— "பிரசவத் தீட்டு கழியாத பொண்ணு கை ஆத்தா காரியத்துல படக்கூடாது."

— அப்புறம்?

— "அவ கை படாமலே இந்த வருஷம் மேப்பு ஓடினா அடுத்த வருஷமும் அவங்களே செய்யட்டும். மேப்பு நின்னாலோ, அவ கை பட்டுதுன்னு தெரிஞ்சாலோ, தைபேய்க் கம்பெனிக்குக் கொடுத்துடுவோம்." மேஜையைத் தட்டி வேற சொன்னாராம், மகராசன்.

— அவ்வளவுதான். உன் வேலையைக் காப்பாத்தத்தான் இந்தச் சனியனை இடுப்புல சொருகிக்கிட்டு நான் அலையறேன். குனிஞ்சு நிமிர முடியலை.

— போன வருஷம் மாதிரி ஆயிடுமோன்னு வயித்தைக் கலக்குது அத்தை.

— அது இஞ்சியா இருக்கும். கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டேன்.

— விளையாடாதீங்க. போன வருஷம் நாலு மெஷின் ஒண்ணா படுத்துது. நான் பதறிப் போய் எல்லாத்தையும் அணைச்சுட்டு முதல்லேர்ந்து போட்டேன். ஊர்ல இருக்கற அத்தனை ஃபோன்லயும் மேப்பு வெள்ளைத் தாளாயிடுச்சு. சும்மா விட்டிருந்தா தானா எழுந்திருக்குமோன்னு இன்னைக்கும் மனசு உறுத்துது.

— எனக்கு ஒண்ணு புரியலை. ஆத்தா எங்கே போறான்னு பாக்க எதுக்குடி இத்தனை மெஷின்? கோயில்ல பெருசா ஒண்ணு வாங்கி வெச்சாப் போதாதா?

— ஒண்ணே ஒண்ணு வெச்சா, அது படுத்த அன்னைக்கு எல்லாமே படுக்கும். ஆத்தா எந்தத் தெருவுல போவான்னுதான் யாருக்குத் தெரியும்? பல்லக்கு தூக்கறவங்களுக்கே தெரியாது. கம்பு எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் ஓடறாங்க. அதான் ஊர் பூராவும் கடைக்காரங்ககிட்ட பழைய கம்ப்யூட்டரைக் கடன் வாங்கி வெச்சோம். பல்லக்குல ஒரு சின்னப் பெட்டி இருக்கு. அது பக்கத்து மெஷின் காதுல "நான் இங்கே"ன்னு சொல்லும். அந்த மெஷின் மத்ததுக்கெல்லாம் சொல்லும்.

— பாக்குக் கடைக்காரி மாதிரின்னு சொல்லு. ஒருத்தி காதுல போட்டாப் போதும்.

— அதேதான்!

— ஆனா நூடுல்ஸ் கடை சான் அக்கா இருக்காளே, அன்னதானத்துக்குக் குக்கர் போடணும்னா உன் பிளக்கைத்தான் முதல்ல பிடுங்குவா.

— பிடுங்கட்டுமே! அதுக்குத்தானே இத்தனை பாடு! சான் அக்கா மெஷின் சத்தத்தையே காணோமா? பக்கத்து மெஷினுங்க கொஞ்சம் பொறுத்துப் பாக்கும். அப்புறம் "சரி, அவ போயிட்டா, அவ வேலையை நாம பங்கு போட்டுக்கலாம்"னு தானா எடுத்துக்கும். என்னையும் கேக்காது, உங்களையும் கேக்காது. அக்கா திரும்ப பிளக்கைச் சொருகினா, "வந்துட்டியா, இந்தா உன் பங்கு"ன்னு கொடுத்துடும். சண்டையே கிடையாது.

— என் நாத்தனாருங்களைவிட எவ்வளவோ மேல்.

— தலைமைன்னு ஒரு மெஷின் இருக்கும். அதுவே படுத்தாலும் மத்ததெல்லாம் கூடி வேற ஒண்ணைத் தலைமைக்குத் தேர்ந்தெடுத்துக்கும். ஓட்டுப் போட்டு!

— ஓட்டா? எத்தனை நாள் ஸ்பீக்கர் கட்டிக் கத்தும்?

— கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்.

— நம்ம மேயரையும் அதுங்களே பாத்து வைக்கட்டும். சரி, கடைக்காரனுங்க சும்மாவா கொடுத்தானுங்க? சான் அக்கா மிளகாய்ப்பொடியைக்கூட எண்ணித்தானே போடுவா.

— எந்த மெஷின் ஆத்தாவைப் பாக்குதோ, அதைக் கொடுத்தவங்க பேரு மேப்புல வரும். "இப்போது வழி சொல்வது: சான் நூடுல்ஸ் கடை." லட்சம் பேர் பாப்பாங்க. என்னுடையதை வை, என்னுடையதை வைன்னு அடிச்சுக்கிட்டுக் கொடுத்தாங்க.

— ஒவ்வொரு மெஷின் மேலயும் பச்சைப் பொட்டலம் வெச்சாச்சுல்ல?

— பின்னே? சோளப்பொரிப் பொட்டலம் மேல உக்காந்திருந்தாத்தான் மெஷின் அடங்கி நடக்கும். பச்சைதான் வைக்கணும். மஞ்சள் வெச்சா முறைச்சுக்கும், சிவப்பு வெச்சா ரகளைதான். பிரிக்கவே கூடாது. கைலுன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன்.

— அதைத்தானே அந்த முடி வெட்டற ஹுவாங் பசியில பிரிச்சுத் தின்னு தொலைச்சிருக்கான், தடியன். தின்ன கையோட மெஷின் படுத்துடுச்சு.

— தின்னுட்டாரா! ஐயோ பாவி! பெத்த பிள்ளைக்குக்கூடத் தராம வெச்சிருக்கணும்னு... இருங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஊர்ல பேசிக்கறாங்க.

— எந்த ஊர்ல? நீங்க வாசப்படியையே தாண்டலையே. என் அறைக்குள்ள வந்து போறதால நீங்களும் தீட்டுன்னு இந்த வருஷம் ஆத்தாவைப் பாக்கக்கூடப் போகலை.

— காய்கறிக்காரி சொன்னா.

— காய்கறிக்காரி ஆத்தா கூட நடக்கறேன்னு முதல் நாளே கிளம்பிப் போயிட்டா.

— குடிடி, சூப்பைக் குடி. கேள்வி கேக்கறா, கேள்வி.

— பெய்! பெய்! ஜன்னல்கிட்ட வா! நான்தான்!

— கைலுன்? அத்தை, உங்க பிள்ளை!

— டேய் கைலுன், கண்ணாடியைத் தட்டாதே, குழந்தை முழிச்சுக்கும்!

— அம்மா, போர்வையைக் கொஞ்சம் விலக்கு. நான் உள்ள வரலை. ஆத்தா வேலை முடியற வரைக்கும் அந்த அறைக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு தெரியும். என் பொண்ணோட ஒரு விரலை மட்டும் காட்டு. சுண்டு விரல் போதும்மா!

— காத்துடா! காத்து வரும்!

— காத்தை என் முதுகால அடைச்சுக்கறேன். அம்மா, அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். ஆத்தா அரிசிக் கடை முனையில நின்னுக்கிட்டு முன்னாடியும் பின்னாடியுமா ஆடிக்கிட்டிருக்கா, எந்தப் பக்கம்னு இன்னும் முடிவாகலை. அந்த இடைவெளில ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன்.

— அத்தை, விலக்குங்க. ஒரு சாண் போதும். கைலுன், மேப்பு ஓடுதா? அதை முதல்ல சொல்லு!

— ஓடுதாவா? பறக்குது! கிளம்பின நாள்லேர்ந்து ஒரு தடவைகூட நிக்கலை! பெய், நீ மட்டும் மெசேஜ் போடலைன்னா நான் என்னைக்கோ செத்திருப்பேன்!

— எந்த மெசேஜ்?

— பாத்தியாம்மா, நடிக்கறா! லாய் ஐயா இங்கே இல்லை, தைரியமாப் பேசு. முதல் நாள் மழையில ஆத்துப் பக்கம் இருந்த மெஷின் அத்தனையும் ஒரேயடியாப் போச்சே. "எல்லாத்தையும் அணைச்சுட்டு முதல்லேர்ந்து போடட்டுமா"ன்னு உன்னைக் கேட்டேன். நீ என்ன பதில் போட்டே?

— என்ன போட்டேன்?

— "முதல்ல சாப்பிட்டியா?"

— என்னது!

— எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சரி, பெய் சொல்றாளே, அதுல ஏதோ கணக்கு இருக்கும்னு போய் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டேன். வாயைத் துடைச்சுக்கிட்டு வந்து பாத்தா, மத்த மெஷினுங்க வேலையைப் பங்கு போட்டுக்கிட்டு மேப்பு ஜம்முனு ஓடுது! ஹுவாங் பொட்டலத்தைத் தின்ன அன்னைக்கு, "ஸ்கூட்டர்ல போய்ச் சரி பண்ணட்டுமா"ன்னு கேட்டேன். "மழையில அலையாதே, தலையைத் துவட்டு"ன்னே. துவட்டி முடிக்கறதுக்குள்ள பாக்குக் கடை மெஷின் அவன் வேலையையும் எடுத்துக்கிச்சு. நேத்து தலைமை மெஷினே படுத்துச்சே, நான் நடுத்தெருவுல உக்காந்து அழுதேன். "கொஞ்சம் கண்ணை மூடிப் படு ராசா"ன்னே. எழுந்து பாத்தா புதுத் தலைமை வந்து எல்லாம் அது பாட்டுக்கு நடக்குது! நாம கை வெச்சாத்தான் கெடும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நீ மேதை பெய்!

— கைலுன். குழந்தை பிறந்ததுலேர்ந்து நான் அந்த ஃபோனைத் தொடவே இல்லை.

— சும்மா சொல்லாதே.

— உன்னை நான் என்னைக்காவது "ராசா"ன்னு கூப்பிட்டிருக்கேனா?

— இல்லை. பிள்ளை பெத்ததும் அன்பு கூடிப்போச்சுன்னு நினைச்சேன்.

— இந்த வீட்ல தலை துவட்டச் சொல்றது யாரு?

— அம்மா!

— என்னடா அம்மா, நொம்மா? உன் பொண்டாட்டி ஃபோன் என் இடுப்புல கிடந்து சும்மா சும்மா சிணுங்குது. எடுத்துப் பாத்தா என் பிள்ளை தெருவுல நின்னு அழறான். பெத்தவ பாத்துக்கிட்டு இருப்பாளா? நீ எழுதினது பாதி எனக்கு விளங்கலை. விளங்கினதெல்லாம் ஒண்ணுதான், இவன் இன்னும் சாப்பிடலை.

— அத்தை, பாஸ்வேர்ட் எப்படித் தெரிஞ்சுது?

— என் பிள்ளை பிறந்த நாளா இருக்கும்னு போட்டேன். இல்லை. உன் பிறந்த நாள், அதுவும் இல்லை. கடைசில பாத்தா நாய் பிறந்த நாளு! கட்டின புருஷனைவிட நாய் உசத்தியாப் போச்சு.

— அம்மா, இரு... நான் பெய்க்குன்னு வேற என்னென்னமோ எழுதினேனே?

— எழுதினே. "என் அன்னாசிக் கேக்கே, உன் கன்னத்தைக் கடிக்கணும் போல இருக்கு"ன்னு எழுதினே. அதுக்கு நான் பதில் போடலை. அந்த மட்டுக்கும் மானம் தப்பிச்சுது.

— ஐயய்யோ! நான் ஊரை விட்டே ஓடறேன்!

— சிரிக்காதேடி பெய்ஷான், தையல் பிரியும்! வயித்தைப் பிடிச்சுக்கோ! ஐயோ, இவ கண்ணுல தண்ணி வேற!

— அத்தை... அத்தை, உங்களுக்குப் புரியுதா? யாருமே தொடலை. நானும் தொடலை, இவனும் தொடலை. இவன் நூடுல்ஸ் சாப்பிட்டான், தலை துவட்டினான், தூங்கினான். அது ஒவ்வொரு தடவையும் விழுந்து தானா எழுந்திருக்கு! நான் செஞ்சது நிஜமாவே நிக்குது அத்தை! எனக்குக் கத்தணும் போல இருக்கு!

— கத்தாதே. அழவும் அழாதே, மாசத்துல அழுதா கண்ணு போயிடும்.

— சிரிச்சாத் தையல், அழுதா கண்ணு. நான் என்னதான் செய்யறது?

— சூப்பைக் குடி.

— அம்மா, பெய், ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் சும்மா இருங்க. மத்தளச் சத்தம் ரொம்பக் கிட்டக் கேக்கலை?

— கேக்குது. என்னடா கைலுன், ஆத்தா அரிசிக் கடை முனையிலன்னே?

— முனையிலதான் இருந்தா. இரு, திரும்பிப் பாக்கறேன்... பெய். சந்து. நம்ம சந்து.

— நம்ம சந்துக்கு என்ன?

— ஆத்தா நம்ம சந்துக்குள்ள திரும்பிட்டா! பல்லக்கு ஓடி வருது! ஜனம் மொத்தமும் பின்னாலேயே வருது!

— இங்கேயா? இங்கே மெஷினே வைக்கலையே! தீட்டு வீடு இருக்கற சந்துக்கு ஆத்தா எங்கே வரப் போறான்னு, நானே இந்தச் சந்தை மட்டும் விட்டுட்டேனே!

— ரெண்டு பக்கமும் மதிலு வேற. பல்லக்குப் பெட்டி சொல்றது அரிசிக் கடை மெஷினுக்குக் கேக்காது. மேப்பு நிக்கப் போகுது பெய்!

— உன் ஃபோனை மெஷினாப் போடு! சீக்கிரம்!

— இங்கே வர்ற வழியில சார்ஜ் தீர்ந்து செத்துடுச்சு.

— பவர் பேங்க்?

— கால் நொண்டிக்கிட்டு வந்த ஒரு பெரியவர் பேத்திக்குப் பேசணும்னார். கொடுத்துட்டேன்.

— உன் நல்ல மனசுல இடி விழ! அத்தை, என் ஃபோன்ல மேப்பைத் திறங்க. என்கிட்ட காட்ட வேண்டாம், நீங்களே பாத்துச் சொல்லுங்க. ஆத்தா எங்கே நிக்கறா?

— முனையிலயே நிக்கறாடி. கீழே "தேடுகிறோம்"னு வருது. திரும்பத் திரும்ப "தேடுகிறோம், தேடுகிறோம்"னு.

— எத்தனை மெஷின் விழுந்தாலும் தாங்கும் அத்தை. ஒண்ணுகூட இல்லாத இடத்துல எது தாங்கும்? இன்னும் கொஞ்ச நேரம் போனா எல்லார் ஃபோன்லயும் வெள்ளைத் தாளுதான்.

— கையில இருக்கற இந்த ஃபோனையே மெஷினாப் போடேன்.

— போடலாம். கீழே "நானும் வரேன்"னு ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினாப் போதும். ஆனா அத்தை, மேப்புல பேரு வரும். "இப்போது வழி சொல்வது: பெய்ஷான்"னு லட்சம் பேருக்கு வரும். லாய் ஐயா பல்லக்கு கூடத்தான் வர்றாரு, அவர் கையிலயும் ஃபோன் இருக்கு.

— பேரை மாத்த முடியாதா?

— மாத்தணும்னா நான் கை வைக்கணும். மாத்த நேரமும் இல்லை.

— பெய், அழுத்தலைன்னா மேப்பு நிக்கும், வேலை போகும். அழுத்தினா பேரு வரும், வேலை போகும். ரெண்டுலயும் தைபேய்க் கம்பெனிதான்.

— தெரியுது கைலுன், பேசாம இரு!

— பெய்ஷான், நான் ஒண்ணு சொல்லட்டுமா? திட்டாதே.

— இப்பவா அத்தை?

— இப்பத்தான். நான் கல்யாணமாகி வந்த வருஷத்துலேர்ந்து ஆத்தா திரும்பி வர்ற அன்னைக்குத் தெருவுல முட்டி போட்டுப் பல்லக்கு என் தலைக்கு மேல போகணும்னு காத்துக் கிடந்தவ. இந்த வருஷம் போகலை. உனக்குச் சூப் வைக்கணும், குழந்தைக்குத் துணி அலசணும். நீ தூங்கினதும் அடுப்பங்கரையில உக்காந்து உன் ஃபோன்ல அந்த மேப்பைத்தான் பாத்தேன். ஒரு சின்னப் புள்ளி. அது நகருறதைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதுவும் இல்லைன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும். என்னை மாதிரி எத்தனை பேரு படுக்கையிலயும் அடுப்பங்கரையிலயும் கிடக்கறாங்களோ.

— அத்தை...

— வேலை உன்னது. நீ சொல்றதுதான்.

— அழுத்துங்க.

— பெய், யோசிச்சுச் சொல்லு.

— யோசிக்கலை, சொல்லிட்டேன். பேரு வந்தா வரட்டும், வேலை போனா போகட்டும். முட்டை ரொட்டியே விப்போம்! அத்தை, அழுத்திட்டு ஜன்னல் கட்டை மேல வையுங்க. திரை வெளியே பாக்கணும்.

— அழுத்திட்டேன். சுத்துது... சுத்துது... ஆங், புள்ளி நகருது! புள்ளி ஓடுதுடி! "இப்போது வழி சொல்வது: பெய்ஷான்"!

— உரக்கப் படிக்காதேம்மா! பின்னாடி வர்ற கூட்டம் முழுக்க ஃபோனைப் பாக்குது. "யாரு பெய்ஷான், எந்தக் கடை பெய்ஷான்"னு கேக்கறாங்க!

— சொல்லுடா, உன் அம்மாவோட கோழி சூப் கடைன்னு சொல்லு!

— அம்மா, பல்லக்கு நம்ம வாசல் தாண்டலை. நின்னுடுச்சு.

— நின்னுடுச்சா? எங்கே?

— இங்கே. இந்த ஜன்னலுக்கு நேரா. முன்னாடி வருது, பின்னாடி போகுது. திரும்பவும் வருது. என் முதுகுல இடிக்காத குறை.

— ஐயோ ஆத்தா, இது தீட்டு வீடும்மா! உள்ள பிள்ளை பெத்தவ கிடக்கா, நானும் தீட்டும்மா! பெய்ஷான், போர்வையை இழுத்து மூடு! இல்லை, மூடாதே! ஐயோ, எனக்கு முட்டி போடவா ஓடவான்னே தெரியலையே!

— அத்தை, இருந்த இடத்துலயே போடுங்க! இங்கேர்ந்தே போடுங்க! குழந்தையை நான் பிடிச்சுக்கறேன். பாருங்க, முழிச்சுட்டா. மத்தளத்துக்குச் சிரிக்கறா!

— ஆத்தா... என்னைத் தேடிக்கிட்டு நீயே வந்துட்டியா... நான் வர முடியலைன்னு நீயே வந்துட்டியா...

— பெய், லாய் ஐயா ஃபோனைப் பாக்கறாரு. நிமிர்ந்து வீட்டைப் பாக்கறாரு. என்னைக் கூப்பிடறாரு. போச்சு. நான் போயிட்டு வரேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா குழந்தைக்கு என் பேரை வை.

— பொண்ணுக்கு உன் பேரா! போடா! அத்தை, அவர் திட்டறாரா? உங்களுக்கு ஏதாவது கேக்குதா?

— பட்டாசுல ஒண்ணும் காதுல விழலை. கைலுன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான். அந்த மனுஷன் சட்டையெல்லாம் ஈரம், மூச்சு வாங்குது. ஏதோ சொல்றாரு. கைலுன் தலையாட்டறான். தரையில ஒருத்தன் காலை நீட்டி உக்காந்திருக்கான், அவனும் ஏதோ சொல்றான். இதோ, பல்லக்கு கிளம்பிடுச்சு. ஆத்தா, நல்லபடியாப் போய்ச் சேரு தாயே.

— பெய்!

— சொல்லு கைலுன். சட்டுன்னு சொல்லு, எதா இருந்தாலும் தாங்கிக்கறேன்.

— "அடுத்த வருஷம் இந்தச் சந்துலயும் ஒரு மெஷின் வைக்கணும்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு"ன்னாரு.

— அடுத்த வருஷமா? நாமளா?

— நாமதான்! தைபேயும் இல்லை, ஒண்ணும் இல்லை! "பேரை எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்"னாரு!

— அத்தை! அத்தை! நான் கட்டில் மேல ஏறிக் குதிக்கப் போறேன்!

— குதிச்சே, காலை உடைப்பேன்! குதிக்காம சந்தோஷப்படு! டேய் கைலுன், இங்கே வா. என் கண்ணைப் பாத்து நிஜத்தைச் சொல்லு. பல்லக்கு தூக்கறவனுங்கள்ல பாதிப் பேரு உன்கூடப் படிச்சவனுங்க. நீதானே அவனுங்ககிட்ட சொல்லி சந்துப் பக்கம் தள்ள வெச்சே?

— சத்தியமா இல்லைம்மா. எனக்கு அவ்வளவு தைரியம் இருந்திருந்தா நேத்து நடுத்தெருவுல உக்காந்து ஏன் அழறேன்?

— அத்தை, யாரும் தள்ளலை. ஆத்தாவே இழுத்திருக்கா.

— இழுத்தா சரிதான். ஆனா மேஜையைத் தட்டித் தீட்டுன்னு பேசின மனுஷன், வாசல்ல வந்து நின்னதும் எப்படிடி இப்படி மாறுவாரு? எனக்கு மனசு ஒப்பலை. முன்கம்பு யார் தோள்ல இருக்கோ அவன் போற பக்கம்தானேடா பல்லக்கும் போகும்?

— ஆமாம்மா. அதைத்தான் அந்தக் காலை நீட்டி உக்காந்திருந்தவன்கிட்ட கேட்டேன். முன்கம்பு அவன்தான் தூக்கிக்கிட்டு வந்தானாம். அரிசிக் கடை முனையில கால் இழுத்துப் பிடிச்சு உக்காந்துட்டானாம், அப்புறம் மெதுவாப் பின்னால வந்து இங்கே மறுபடி உக்காந்திருக்கான். பல்லக்கு சாயறதுக்குள்ள பக்கத்துல வந்துக்கிட்டிருந்தவர் தோள் கொடுத்துட்டாராம். அவர் தூக்கின பிறகுதான் சந்துக்குள்ள திரும்பியிருக்கு. நம்ம வாசல்ல நின்னதும் வேற ஒருத்தன் தோள் மாத்திக்கிட்டானாம், கூட்டத்துல நான் கவனிக்கலை.

— யாருடா அவரு?

— லாய் ஐயாம்மா.